கிளாசியேவில் தங்கிவிட்டவர்

தம்பி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைத்துக்கொள்ளுங்க. சொட்டும். இல்லை, மீன் இல்லை, மூக்கைப் பொத்த வேண்டாம். ஐஸ்கிரீம். புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் போகிறது. நான் சும்மா துணைக்குப் போகிறேன்.

சிரிக்காதீங்க. கண்டக்டரும் இப்படித்தான் சிரித்தான். "பெருசு, இந்த வெயில்ல இத மடியில வெச்சிக்கிட்டு கடலூர் தாண்டுறதுக்குள்ள பாயசம் ஆயிடும்" என்றான். "ஆனா உனக்கும் ஒரு டம்ளர் தர்றேன், நீ டிக்கெட்டக் கிழி" என்றேன். காரைக்காலில் ஐஸ்கிரீம் கிடைக்காமல் என்ன, தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. ஆனால் என் அண்ணி சொல்லிவிட்டார், கிளாசியே என்று பிரெஞ்சில் போர்டு போட்ட கடையில்தான் வாங்கி வர வேண்டும் என்று. அந்தப் போர்டு புதுச்சேரியில்தான் இருக்கிறது. சாயங்காலம் பூசை. பூசை முடிந்து கோயில் வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கரண்டி. அதற்குள் இதைக் கெட்டியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த டிரைவர் பாருங்க, பொண்ணு பார்க்கப் போகிறவன் மாதிரி ஆடி அசைந்து ஓட்டுகிறான்.

பூசை யாருக்கா? என் அண்ணன் சவரிநாதனுக்கு. முதல் வருஷப் பூசை. செத்து ஒரு வருஷம்தானா என்று கேட்டால், அங்கேதான் சிக்கல். ஊர்க் கணக்குக்கு ஒரு வருஷம். என் கணக்குக்கு நாற்பது வருஷத்துக்கு மேலே.

என்னை யாரென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். காரைக்காலில் இறங்கி கப்சா அந்துவான் வீடு எது என்று கேளுங்க, யாரும் கை காட்டுவார்கள். அந்துவான் அப்பா வைத்த பேர். கப்சா ஊர் வைத்தது. நான் என்ன செய்வேன்? எல்லாரும் பார்த்ததைச் சொன்னால் எல்லாரும் ஒரே கதையைத்தானே சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் எனக்கு ஒரு சட்டம் உண்டு. இதோ கழுத்தில் பாருங்க, உத்தரியம். பழுப்புத் துணி இரண்டு துண்டு, கயிற்றில் கோத்து, ஒன்று நெஞ்சில், ஒன்று முதுகில். சின்ன வயசில் கோயிலில் முதல் நற்கருணை, அதாவது புதுநன்மை வாங்கிய அன்றைக்கு மாதா பேரால் போட்டது. துணி நைந்தால் மாற்றிக்கொள்வேன், கழற்றியதில்லை. இதைத் தொட்டுக்கொண்டு நான் பொய் சொன்னது கிடையாது. தொடாமல் சொன்னதற்கு நான் பொறுப்பு கிடையாது. தெருவில் எல்லாருக்கும் இது தெரியும். நான் வாயைத் திறந்தால் போதும், "எங்க, உத்தரியத்தத் தொட்டுச் சொல்லு பாப்போம்" என்பார்கள். தொட மாட்டேன். சிரித்துவிட்டுப் போவார்கள்.

இப்போது தொட்டுக்கொள்கிறேன். பெட்டியைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா? ஆங்.

உலகத்தின் அடியில் ஒரு தீவு இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் வைத்திருக்கிற ரெயூனியன் தீவிலிருந்து கப்பல் ஏறினால் தெற்கே, தெற்கே, இன்னும் தெற்கே. நம்மைச் சுமந்துகொண்டு போகிற கப்பலுக்கே எதற்கு வந்தோம் என்று மறந்துபோகும். அவ்வளவு தூரம். அங்கே ஒரு மரம் கிடையாது. குடியிருக்கிற ஜனம் கிடையாது. கடல் யானை என்று ஒன்று உண்டு, மூட்டை மூட்டையாகக் கரையில் படுத்து ஏப்பம் விடும். அப்புறம் காற்று. கையை எடுத்துக்கொள்கிறேன், ஒரு நிமிஷம். ஒரு நாள் சமையல்கட்டு வாசலில் நின்று டீ ஆற்றினேன். மேல் டம்ளரிலிருந்து விட்ட டீ கீழ் டம்ளருக்கு வரவே இல்லை. கரைக்கு அப்பால் நின்ற கப்பலில் கப்பித்தான் அதைக் குடித்துவிட்டு, சர்க்கரை பத்தவில்லை என்று சொல்லி அனுப்பினார். சரி, மறுபடி தொட்டுக்கொண்டேன்.

எங்கள் அப்பா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அதனால் எங்களுக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை. ரெயூனியனில் இருந்த எங்கள் மாமா வேலை பார்த்துக் கொடுத்தார். அந்தத் தீவில் காற்றையும் பனியையும் அளந்து பார்க்கிற படித்த வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் பேர் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு ரொட்டி சுட ஒரு ஆள், உருளைக்கிழங்கு உரிக்க ஒரு ஆள். அண்ணன் ரொட்டி. நான் உருளைக்கிழங்கு.

அண்ணனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அண்ணி பேர் ரொசாலி. கடற்கரை ஊர்ப் பெண். அவருடைய அப்பா கட்டுமரத்தில் போய்த் திரும்பி வராதவர். மீன் வாங்கும்போதுகூட அண்ணி கடலைப் பார்க்க மாட்டார், கூடையைத்தான் பார்ப்பார். அப்படிப்பட்டவரிடம் போய், ஜனமில்லாத தீவுக்குக் கப்பலில் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? அண்ணன் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். "டேய், நீ ஏதாச்சும் சொல்லுடா. உனக்குத்தான் வாய் நல்லா வேலை செய்யுமே."

நான் போய்ச் சொன்னேன். "அண்ணி, நாங்க ஒரு கிளாசியே பக்கத்துல வேலைக்குப் போறோம்."

இதை உத்தரியத்தைத் தொட்டே சொல்லியிருக்கலாம், தம்பி. அத்தனையும் நிஜம். பிரெஞ்சில் மலையிலிருந்து ஆறு மாதிரி இறங்கி வருகிற உறைந்த பனிக்குக் கிளாசியே என்று பேர். அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தது. ஆனால் ஐஸ்கிரீம் விற்கிறவனுக்கும் அதே பேர்தான். புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சு தெரிந்தவன் தெரியாதவன் யாரைக் கேட்டாலும் கிளாசியே என்றால் ஐஸ்கிரீம் கடை. பனி ஆற்றை இங்கே யார் கண்டது?

அண்ணி முகம் மலர்ந்துவிட்டது. "ஐஸ்கிரீம் கடையா?" நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அப்புறம் நாக்கு சும்மா இருக்காதே. கண்ணாடி ஜாடி ஜாடியாக ஐஸ்கிரீம், சுவர் அளவுக்கு நிலைக்கண்ணாடி, குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிற துரைசானிகள் என்று கொஞ்சம் சேர்த்துவிட்டேன். அண்ணி சந்தோஷமாக வழியனுப்பினார். இதில் என் தப்பு என்ன, சொல்லுங்க? அந்தக் கடல் பயத்தோடு அவர் ராத்திரி தூங்கியிருப்பாரா?

கிளம்பும்போது அண்ணனுக்குப் புது உத்தரியம் ஒன்று தைத்துப் போட்டார். பின்பக்கம் நீல நூலில் இரண்டு எழுத்து. ‘ச’ ஒன்று, ‘ரொ’ ஒன்று. "எனக்கு என்ன கொண்டாருவீங்க?" என்றார். "ஐஸ்தான்" என்றார் அண்ணன். "வர்றதுக்குள்ள உருகிடாதா?" "உருகாத மாதிரி கொண்டாரேன்."

கடலூர் வந்துவிட்டதா? கண்டக்டர், பாயசம் ஆகலப்பா, ஏமாந்துபோ.

எங்கே விட்டேன்? பனி. நம் ஊரில் பனி என்றால் என்ன? மார்கழிக் காலையில் புல் மேலே உட்கார்ந்திருக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனால் ஒன்றும் செய்யாது, வெயில் வந்தால் மரியாதையாக எழுந்து போய்விடும். அங்கே அது போகாது. விழுந்தது விழுந்தபடி, ஒன்றன் மேல் ஒன்றாக, யார் யார் காலத்திலிருந்தோ கிடக்கும். மலையை மூடி, பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு கடலைப் பார்க்க இறங்கும். ஆறுதான் தம்பி அது, ஓடுகிறது. நமக்குத்தான் தெரியாது. ஒரு கல்லை அடையாளம் வைத்துவிட்டு அடுத்த வருஷம் வந்து பார்த்தால் நகர்ந்திருக்கும். உள்ளே சத்தம் கேட்கும், பெரிய கட்டிலில் யாரோ புரண்டு படுக்கிற மாதிரி. "உள்ள யாரோ தூங்குறாங்கடா" என்பார் அண்ணன்.

அந்த வெள்ளைக்காரர்களிடம் ஒரு பழக்கம். கிறிஸ்துமஸுக்கு அந்த ஆற்றிலிருந்து ஐஸ் வெட்டிக்கொண்டு வந்து சாராயத்தில் போடுவார்கள். சாதா ஐஸ் வெள்ளை. அது நீலம். மாதா முக்காட்டு நீலம். கிளாசில் போட்டால் பொரி மாதிரி வெடிக்கும். எந்தக் காலத்திலோ உள்ளே அகப்பட்டுக்கொண்ட காற்று வெளியே வருகிற சத்தமாம். அண்ணனுக்கு அதைப் பார்த்ததும் பைத்தியம் பிடித்துவிட்டது. "ரொசாலிக்கு இதுல ஒரு துண்டு கொண்டு போறேன்டா. ஃபிளாஸ்க்ல போட்டு, கப்பல் ஃபிரிட்ஜ்ல வெச்சு, ரெயூனியன்ல மாமா வீட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சு..." பிளேனில் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. என்னிடமே ஒருத்தர் கப்சா விடும்போது எனக்கு அது ஒரு சந்தோஷம்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். அங்கே அது கோடைக்காலம். அன்றைக்கு அதிசயமாகக் காற்று நின்றிருந்தது. வெள்ளைக்காரர்கள் ஐஸ் வெட்டக் கிளம்பினார்கள், நாங்களும் கூடப் போனோம். இந்த வழியில்தான் நடக்க வேண்டும், விலகக் கூடாது, பள்ளங்களின் மேல் பனி மூடியிருக்கும் என்று ஆயிரம் தரம் சொல்லியிருந்தார்கள். அண்ணனும் ஒழுங்காகத்தான் நடந்தார். நான் பின்னால் ஒரு கதை சொல்லிக்கொண்டே போனேன். அண்ணன் சிரித்தார். சிரித்துச் சிரித்து, முடியாமல், என் பக்கம் திரும்பி, கையை ஆட்டி, போதும்டா போதும்டா என்று பின்னாலே ஒரு அடி வைத்தார்.

அவ்வளவுதான். கத்தவில்லை. சிரிப்புதான் கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது.

என்ன கதை என்று கேட்காதீங்க. நான் சொன்ன கப்சா அத்தனையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எட்டு வயசில் சொன்னதுகூட. அது ஒன்று மட்டும் மறந்துவிட்டது. எப்படி யோசித்தும் வரவில்லை.

கயிறு கட்டி ஒரு வெள்ளைக்காரன் இறங்கினான். உள்ளே போகப் போக இடுக்கு, ஆள் நுழைய இடமில்லை. மேலே வந்து என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டினான். பக்கத்துக் குன்றில் நான்தான் ஒரு சிலுவை நட்டேன். பேரும் ஊரும் செதுக்கினேன். அங்கே மரமில்லையே, ரொட்டி மாவு வந்த பெட்டியின் பலகையில் செய்தேன்.

ரேடியோவில் கப்பலுக்குச் சொல்லி, கப்பலிலிருந்து ரெயூனியனுக்குச் சொல்லி, அங்கிருந்து ஒரு வெள்ளைக்காரர் காரைக்காலுக்கு டெலிபோன் போட்டிருக்கிறார். எங்கள் தெருவில் அப்போது டெலிபோன் இருந்தது ஒரே வீட்டில். முசே லெயோன். அவரும் பழைய சொல்தா. பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது போனவர், இன்னொரு காதும் அரைச் சம்பளத்துக்குத்தான் வேலை செய்யும். ‘உங்கள் சவரிநாதன் கிளாசியேவிலேயே தங்கிவிட்டார்’ என்று அந்த வெள்ளைக்காரர் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். செத்துப்போனார் என்று சொல்ல மனசு வரவில்லை போல. முசே லெயோன் போனை வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்து கத்தினாராம். "ஏ ரொசாலி! உம் புருசன் ஐஸ்கிரீம் கடையிலயே தங்கிட்டானாம்!"

தங்கிவிட்டான் என்றால் ஊர் என்ன நினைக்கும்? கடைக்காரனுக்கு ஒரு பெண் முளைத்துவிட்டாள். இடுப்பு எத்தனை சுற்று, கண்ணு என்ன நிறம் என்பது வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள். அவளுக்கு ஐஸ்காரி என்று பேரும் வைத்தாயிற்று. என்னைக் கப்சா என்கிறார்களே, அந்த ஊரை என்ன சொல்வது?

நான் அடுத்த கப்பல் பிடித்து ஊர் வந்து சேரப் பங்குனி ஆகிவிட்டது. தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டார்கள். "எங்கடா உங்க அண்ணன்? ஐஸ்காரி விட மாட்டேங்குறாளா?" நான் நிஜத்தைச் சொன்னேன். பனி ஆறு, பள்ளம், சிரிப்பு, கயிறு எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டார்கள். அப்புறம் ஒருத்தன், "பனி ஆறாம்! அது நகருதாம்! அண்ணனுக்காகவாச்சும் நல்லதா ஒரு கப்சா விடக் கூடாதா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வாழ்க்கையில் அன்றைக்கு ஒரு நாள்தான் நான் ஊருக்கு நடுவில் நின்று அழுதேன். அதற்கும் கை தட்டினார்கள், என்ன நடிப்பு என்று.

வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவுப் பக்கம் நின்றிருந்தார். தலை நிறைய பூ. நான் நடையில் நின்றபடியே, "அண்ணி, நடந்தது என்னன்னா" என்று ஆரம்பித்து, கையை நெஞ்சுக்குக் கொண்டு போனேன். உத்தரியத்தைத் தொட்டால் அண்ணி நம்புவார், அது எனக்குத் தெரியும். தொடப் போகிற கையைச் சட்டென்று பிடித்துவிட்டார். மணிக்கட்டு வலித்தது. "வேண்டாம் அந்துவான். அதத் தொடாத" என்றார். "சாப்பிட்டியா?" என்றார்.

பாருங்க எவ்வளவு நல்ல மனசு. இவன் பொய்ச் சத்தியம் பண்ணி நரகத்துக்குப் போய்விடுவானே என்று பயந்து தடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்கும் வாய் வரவில்லை.

தெருவில் பேசிக்கொண்டார்கள், விட்டுட்டுப் போனவனுக்கு எதுக்குப் பூவும் பொட்டும் என்று. அண்ணி காதில் விழும்படியே பேசினார்கள். அண்ணி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "எங்கயோ ஐஸ் வித்துக்கிட்டு நல்லா இருக்காரு. இருந்துட்டுப் போகட்டும்."

சரி, இருக்கிறார் என்றால் எப்படி இருக்கிறார் என்று யாராவது சொல்ல வேண்டாமா? அது என் வேலை ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணி வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. கறியைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்பார். "என்ன, உங்க அண்ணன் இந்த வாரம் என்ன ஐஸ் போட்டாராம்?" "பலாப்பழ ஐஸ், அண்ணி." "அங்க பலாப்பழத்துக்கு எங்க போனாரு?" "பண்ருட்டியிலேர்ந்து கப்பல் வெச்சு எடுத்தாரு." "பண்ருட்டியில ஏதுடா கடலு?" சிரிப்பார். ஐஸ்காரிக்கு இரண்டு பிள்ளை பிறந்தது, ஒன்றுக்கு அண்ணன் மூக்கு. கடை பெரிசானது. ஐஸ்காரிக்கு முட்டி வலி வந்தது. அதற்கு அண்ணி விளக்கெண்ணெய் தேய்க்கச் சொன்னார். எந்த வாரமும், "தொட்டுச் சொல்லு" என்று மட்டும் கேட்டதில்லை. ஊரில் என்னை அப்படிக் கேட்காத ஒரே ஆள் அவர்தான். அவ்வளவு நம்பிக்கை.

எனக்கு ஒரே குறைதான், தம்பி. அண்ணனுக்கு ஒரு பூசை வைக்க முடியவில்லை. உயிரோடு ஐஸ் விற்கிறவருக்கு எப்படிப் பூசை வைப்பது? ஒரு தரம் யாருக்கும் தெரியாமல் வேளாங்கண்ணிக்கே போனேன். பேர் கேட்டார்கள். சவரிநாதன் என்றால் மைக்கில் வாசிப்பார்கள், எங்கள் தெருக்காரன் எவனாவது உட்கார்ந்திருப்பான். "ஒரு பாவியின் ஆத்துமா" என்று போடச் சொன்னேன். அண்ணன் பாவி இல்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

கல்லறைத் திருநாளுக்கு அண்ணி எல்லாருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுவார். அம்மா, அப்பா, மாமனார், மாமியார். கடைசியில் ஒன்றை மதிலோரம் வெறும் மண்ணில் நட்டு, காற்றில் அணையாமல் முந்தானையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அது முழுக்க எரிகிற வரைக்கும். "அது யாருக்கு அண்ணி?" என்பேன். "யாருமில்லாத ஆத்துமாவுக்கு" என்பார். இளகிய மனசு.

கொள்ளிடம் பாலமா? பெட்டி இலேசாக ஆடுகிறது பாருங்க, குலுக்கினால் சத்தம் கேட்கிறது. குலுக்க வேண்டாம்.

போன வருஷம் மாசி. மத்தியானம். ஒரு பெண் வந்து நின்றது. வெள்ளைக்காரி மாதிரி உடுப்பு, நம் ஊர் முகம். பேர் செலீன். அப்பா அம்மா புதுச்சேரியிலிருந்து போய்ப் பாரிசில் குடியேறினவர்கள். உடைத்து உடைத்துத் தமிழ் பேசியது. அந்தத் தீவில் பனி அளக்கிற வேலையாம். சிலுவையில் இருந்த பேரையும் ஊரையும் வைத்துக்கொண்டு எங்களைத் தேடி வந்திருக்கிறது.

அந்த ஆறு சுருங்குகிறதாம், தம்பி. கடல்வரை வந்தது இப்போது மலைப் பக்கம் பின்னாலே போய்க்கொண்டே இருக்கிறதாம். உருகி உருகி. அடியில் இருந்ததெல்லாம் வெளியே வருகிறதாம். அண்ணனும் வந்துவிட்டார். நான் நட்ட சிலுவைப் பக்கத்திலேயே அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். என் அண்ணனைத் தின்ற ஆறு அது. அதுவும் செத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டபோது சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அண்ணன் எங்கே இருக்கிறார் என்று என்னைத் தவிரத் தெரிந்தது அது ஒன்றுதானே.

பெண் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தது. உத்தரியம். ச, ரொ.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தெருவில் போய் நின்று, வாங்கடா எல்லாரும், கப்சா அந்துவான் சொன்னது நிஜம், பாருங்கடா என்று கத்த வேண்டும் போல இருந்தது. வாசலுக்குப் போயும் விட்டேன். எதிரே அண்ணி. கையில் மீன் பை. தலையில் மல்லிகை. அந்த வயசிலும் பூ இல்லாமல் வெளியே போக மாட்டார்.

கத்த வந்தது உள்ளேயே நின்றுவிட்டது. உத்தரியத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். ஆனால் அண்ணனுக்கு ஒரு சாவு கொடுக்க இதைவிட்டால் வேறு நாள் வராது என்று தோன்றியது. "அண்ணி, இந்தப் பொண்ணு அண்ணன் இருக்குற ஊர்லேர்ந்து வருது" என்றேன். "அண்ணன் போய்ட்டாரு, அண்ணி."

நல்ல சாவாகக் கொடுத்தேன். மெத்தை போட்ட கட்டில். ஜன்னல் திறந்திருந்தது. சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். ஐஸ்காரி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். ஊரில் அத்தனை கடையும் அடைத்துவிட்டார்கள். அந்தப் பெண் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது.

அண்ணி மீன் பையைக் கீழே வைத்தார். என்னை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"நீ அவரப் பாத்தியாம்மா?"

"பார்த்தேன்."

"தலை நரைச்சிருந்துச்சா?"

"இல்லை. கறுப்பு. ரொம்பக் கறுப்பு."

"சாயம், அண்ணி!" என்றேன். "ஐஸ்காரி வாரா வாரம் அடிச்சு விடுவா!"

"ம்" என்றார். "முகம்?"

"சிரிச்ச மாதிரி" என்றது பெண்.

பாருங்க, சாயம் என்று எவ்வளவு சட்டென்று வந்தது! வேறு எவனுக்காவது வந்திருக்குமா?

அண்ணி என் பக்கம் கையை நீட்டினார். முதுகுக்குப் பின்னால் வைத்திருந்ததைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். விரலால் நீல நூலைத் தடவினார். "நூல் இன்னும் அறுந்து போகல" என்றார். அப்புறம் அதை உள்ளங்கையில் விரித்து என் முன்னால் நீட்டினார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார், தம்பி.

"இதத் தொட்டுச் சொல்லு அந்துவான். இத்தன வருசம் அவரு எங்க இருந்தாரு?"

அண்ணனுடைய உத்தரியம். அதைத் தொட்டுக் கட்டில், ஜன்னல், ஐஸ்காரி என்று எப்படிச் சொல்வது? நிஜத்தை, அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டு, எப்படிச் சொல்வது? தொட்டேன். ஈரமில்லை, ஆனால் சில்லென்று இருந்தது. அது என் கை குளிராகவும் இருக்கலாம்.

"கிளாசியேலதான் இருந்தாரு அண்ணி" என்றேன். "கடைசி வரைக்கும் அங்கயேதான் இருந்தாரு. வேற எங்கயும் போகல."

அண்ணி "வேற எங்கயும் போகல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சரி" என்றார். கையை மேலே கொண்டு போய்ப் பூவை எடுத்தார். உத்தரியத்தோடு சேர்த்து மாதா படத்துக்குக் கீழே வைத்தார். உள்ளே போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வெகு நேரம் கேட்டது. மீன் கழுவுகிறார் என்று நினைத்தேன். மீன் பை நடையிலேயேதான் இருந்தது.

வந்து அந்தப் பெண்ணுக்கு மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டார். என்னிடம், "பூசைக்குச் சொல்லிட்டு வா. பேர் சொல்லிக் குடு. முழுப் பேரும்" என்றார். மைக்கில் வாசித்தார்கள், தம்பி. சவரிநாதன். ஊரே கேட்டது.

இந்த ஐஸ்கிரீம் யோசனையும் அண்ணியுடையதுதான். "கொண்டாரேன்னு சொன்னாருல்ல" என்றார்.

எப்படிச் சமாளித்தேன் பார்த்தீர்களா? சொன்னது பொய்யும் இல்லை, அண்ணி மனசும் உடையவில்லை. ஒரே வார்த்தை, இரண்டு பக்கமும் வெட்டாமல் நின்றது.

என்ன சொன்னீங்க?

அண்ணிக்கு முதலிலேயே தெரிந்திருக்குமா? சே சே. என்ன தம்பி நீங்க! தெரிந்திருந்தால் அத்தனை வருஷம் அழாமல் இருந்திருப்பாரா? ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை என் கப்சாவுக்கு அப்படிச் சிரித்திருப்பாரா? சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, சொல்லு சொல்லு என்று. தெரிந்திருந்தால்... தெரிந்திருந்தால் அவர் யாருக்காகச் சிரித்தார்?

அப்படியெல்லாம் பேசாதீங்க.

தரங்கம்பாடி தாண்டிவிட்டது. இனிமேல் கொஞ்ச நேரம்தான். ஐயோ, உங்கள் பேன்ட் முழுக்க நனைத்துவிட்டேனே. வெறும் தண்ணீர்தான், மேலே வைத்த ஐஸ் கரைந்த தண்ணீர். உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும். எனக்குக் கை மரத்துப்போய்விட்டது, தெரியவில்லை. நீங்கள் கொஞ்சம் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பாருங்க. இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது, இல்லையா தம்பி?

தொட்டுச் சொல்லுங்க.